இலுப்பைப் புண்ணாக்கு கரைத்த அன்று

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே கரிசல் காட்டில் எங்களுக்கு 40 சென்ட் குளம் ஒன்று இருக்கிறது. வீட்டில் தமிழ், பத்திரத்தில் மலையாளம், காய்கறிக்கு வேலந்தாவளம் சந்தை என்று வாழ்கிற ஊர். மூலத்தறையிலிருந்து வரும் கால்வாய்த் தண்ணீரும் மழையும்தான் குளத்துக்கு ஆதாரம். மீன் வளர்ப்பவர்கள் கூடினால் எடை, விலை, தீவனச் செலவு என்றே பேச்சு போகிறது. எனக்கு நடந்தது கொஞ்சம் வேறு.

2016 பங்குனியில் முதன்முதலாகக் குளத்தில் மீன் விட முடிவு செய்தேன். கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை விடுவதற்கு முன் குளத்தில் ஏற்கெனவே இருக்கும் மீனை அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் விராலும் குரவையும் குஞ்சுகளைத் தின்றுவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். அதற்கு இலுப்பைப் புண்ணாக்குதான் வழக்கம். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு 2,500 கிலோ கணக்கு. நான் தண்ணீரைப் பாதியாக இறக்கிவிட்டு 300 கிலோவை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினேன். அதிலுள்ள சப்போனின் மீனின் ரத்தத்தைக் கெடுத்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் நஞ்சு போய் அதுவே குளத்துக்கு உரமாகும். கணக்காகப் பார்த்தால் எல்லாம் சரி.

ஊற்றிய சில மணி நேரத்தில் மேலே வந்தன. விரால், குரவை, ஆரல், கைநிறைய அயிரை, கெளுத்தி. பனையேறிக் கெண்டை ஒன்று கரை மண்ணில் செவுளை ஊன்றி ஏறப் பார்த்தது. எங்கள் தென்னையில் கள் இறக்கும் பெரியவர் ஒருவர் அந்த நேரம் வரப்பில் வந்தார். குனிந்து அந்தக் கெண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

“ஏனுங்க தம்பி, இதெல்லாம் உங்க அப்பாரு காலத்துல இருந்து இந்தக் கொளத்துல கெடந்ததுங்க. யாரும் காசு குடுத்து வாங்கி உட்டதில்ல. அதைக் கொன்னுபோட்டு, காசு குடுத்து வாங்கியாந்து உடறீங்களே.”

செத்த மீனைத் தின்னலாம், கெடுதல் இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு துண்டில் கட்டிக்கொண்டு போனார். அவர் கோபப்படவே இல்லை. எனக்குத்தான் அன்றிரவு சோறு இறங்கவில்லை. சின்ன வயதில் நானும் அவர் மகனும் மண்புழுவைக் கோத்து இதே குளத்தில்தான் தூண்டில் போட்டோம். யாருடைய மீன் என்று அப்போது யாரும் கேட்டதில்லை. அவ்வளவு வருஷமாக ஊருக்குப் பொதுவாக இருந்த ஒன்றை ஒரே நாளில் அழித்துவிட்டு என் பெயரில் எழுதிக்கொண்ட மாதிரி இருந்தது.

அதோடு தவறு நிற்கவில்லை. ஹெக்டேருக்கு 10,000 குஞ்சு என்பது நல்ல பராமரிப்பு உள்ள குளத்துக்கே உச்சம். என் 40 சென்டுக்கு 1,600. நான் விட்டது 4,000. சாணமும் தாராளமாகப் போட்டேன், தண்ணீர் பச்சையாக இருந்தால் நல்லது என்று நினைத்து. ஐப்பசியில் மூன்று நாள் மூட்டம். பகலில் பாசி தண்ணீருக்கு ஆக்சிஜன் கொடுக்கும். இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து இழுக்கும். வெயில் இல்லாத நாளில் கொடுத்ததும் குறைவு, இழுத்தது அதே அளவு. லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டியது, விடியற்காலையில் அடிமட்டத்துக்குப் போய்விடும். நாலாம் நாள் 5 மணிக்குப் போய் டார்ச் அடித்தால் குளம் முழுக்க வாய்கள். மேலே வந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. மோட்டார் போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தோம். பாதிக்கு மேல் மீன் செத்துப்போய்விட்டது. கட்லாதான் முதலில் மிதந்தது.

ஏழு மணிக்கே ஒரு வியாபாரி ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார். பாதி விலை தருவதாகச் சொன்னார். கடன் இருந்தது, மனசு ஆடியது, மறைக்க மாட்டேன். ராத்திரி எந்த நேரத்தில் செத்தது என்றே தெரியாத மீனை இன்னொருவர் வீட்டுக் குழம்புக்கு அனுப்பக் கை வரவில்லை. குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். ஆற்றில் இருக்கும் மீன் மூச்சு முட்டினால் வேறு மடுவுக்குப் போகும். குளத்தில் நாம் அடைத்த மீனுக்கு அந்த வழி கிடையாது.

அதற்குப் பிறகு 1,500க்கு மேல் விடுவதில்லை. மூட்டம் போட்டால் அன்று தீவனமும் சாணமும் நிறுத்தம். தீவனப் புண்ணாக்கும் தவிடும் தட்டில் வைத்துக் கட்டி இறக்குகிறேன். இரண்டு மணி நேரத்தில் தின்னாதது மிச்சமிருந்தால் மறுநாள் அளவைக் குறைக்கிறேன். இலுப்பைப் புண்ணாக்கை அறவே விட்டுவிட்டேன். சித்திரையில் தண்ணீரை இறக்கி, இழுவலை போட்டு நாட்டு மீனைப் பிடித்து, பக்கத்தில் வெட்டிய சின்னக் குட்டையில் விடுகிறோம். குளத்துக்கு விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த குஞ்சாக வாங்கி விட்டால், தப்பி நின்ற ஒன்றிரண்டு விரால் பெரிய சேதம் செய்வதில்லை. குட்டையில் ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பிள்ளைகள் தூண்டில் போடலாம். பெரியவரின் பேரன்தான் அங்கே மேஸ்திரி.

கோயம்புத்தூரிலிருந்து தூண்டில் போட வருகிறவர்களிடம் கொஞ்ச நாள் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கினேன். பிடித்து, படம் எடுத்து, திரும்ப விட்டுவிடுவார்கள். ஒருவர் மூணு கிலோ ரோகுவை வெயில் காய்ந்த வரப்பில் போட்டு ஐந்தாறு படம் எடுத்த பிறகு தண்ணீரில் விட்டார். நீந்திப் போனது. இரண்டு நாள் கழித்து வயிறு மேலே தெரிய மிதந்தது; உடம்பின் வழவழப்பு உரிந்த இடமெல்லாம் புண். இப்போது தூண்டில் முள்ளின் எதிர்ப்பல்லை நசுக்கியிருக்க வேண்டும், கையை நனைத்துத்தான் தொட வேண்டும், சித்திரை வைகாசி மதியத்தில் தூண்டில் கிடையாது. ஆளுக்கு இரண்டு மீன், பிடித்ததை எடுத்துப் போய்ச் சமைக்க வேண்டும். விளையாட்டுக்குக் குத்திவிட்டுத் திரும்ப விடுவதை என்னால் கருணையாகப் பார்க்க முடியவில்லை. இதில் மாற்றுக் கருத்து இருப்பவர்கள் உண்டு, தெரியும்.

இன்னொன்று, என்னை அதிகம் கவலைப்படுத்துவது. உறவில் மச்சான் ஒருவர் கோழிக்கழிவு போட்டு ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்த்தார். 2000லேயே நாடு முழுக்கத் தடை செய்த மீன். எதையும் தின்னும், காற்றை நேரடியாகச் சுவாசிக்கும், ஈர மண்ணில் நகர்ந்தே அடுத்த தண்ணீருக்குப் போய்விடும். 2018 ஆகஸ்ட் மழையில் அவர் கரை உடைந்தது. அதே வெள்ளத்துக்குப் பிறகுதான் சாலக்குடி ஆற்றில் அராபைமா சிக்கியதாகச் செய்தி வந்தது. யாரோ ஆசைக்கு வளர்த்த அமேசான் மீன். எங்கள் வாய்க்கால் சித்தூர்ப் புழைக்கும், அங்கிருந்து பாரதப்புழைக்கும், பொன்னானிக் கடலுக்கும் போகிறது. மறு வருஷம் என் குட்டையில் முழங்கை நீளக் கெளுத்தி ஒன்று சிக்கியது. அதன் வயிற்றில் அயிரை. மச்சானிடம் போய்ச் சொன்னேன். “வேலிக்குள்ள நான் என்ன வளர்த்தா உனக்கென்ன” என்றார். ஒரு வருஷம் பேச்சு இல்லை. இப்போது அவர் ரோகுதான் விடுகிறார். அவர் மகள் கேட்டுக்கொண்டதால் என்று கேள்வி.

ஜூனில் முதல் மழைக்கு ஊத்த (முட்டையிட மீன் கூட்டமாக எதிரேறுவது) ஏறும்போது, முட்டையோடு வாய்க்காலில் எதிரேறி வரும் மீனைப் பிடிக்கக் கேரளச் சட்டத்தில் தடை இருக்கிறது. என் மதகில் இரண்டடுக்கு வலை கட்டியிருக்கிறேன், என் மீன் வெளியே போகாமலிருக்க. ஆனால் அந்த வலை மழைநாளில் தென்னம்பாளையும் சருகும் அடைத்து ஒரு மணி நேரத்தில் தண்ணீர் கரையை முட்டுகிறது. அதைவிட, ஏறி வரும் நாட்டு மீனையும் அது தடுத்துவிடுகிறது. ராத்திரி முழுக்க ஒருவர் நின்று வாரிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. குஞ்சு வெளியே போகாமல், ஊத்த உள்ளே வர வழி விடும்படி மதகு அமைத்தவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். இடவபாதி மழைக்கு (ஜூனில் தொடங்கும் பருவமழைக்கு) முன்னால் மாற்றிக் கட்ட வேண்டும்.