மகனுக்கு நள்ளிரவு, மாமனாருக்கு விடியற்காலை: இது வயதின் இயல்பா?

கேள்வி:
74 வயதான என் மாமனார் இரவு எட்டரைக்கே படுத்து, விடியற்காலை மூன்றரைக்கு எழுந்துவிடுகிறார். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகனோ நள்ளிரவுக்கு முன் கண்ணயர்வதில்லை, காலையில் எத்தனை முறை எழுப்பினாலும் அசைவதில்லை. அவனைச் சோம்பேறி என்று அவர் கடிந்துகொள்ளும்போது மனம் வருந்துகிறது. இது பழக்கத்தின் பிழையா, வயதின் இயல்பா?

மறுமொழி 1:
பெருமளவு வயதின் இயல்பே. உறக்கத்துக்கு உடலைத் தயாராக்கும் மெலட்டோனின் சுரப்பு பருவமடையும் காலத்தில் இரண்டு மணி நேரம் வரை தள்ளிப்போவதால், பத்து மணிக்குப் படுக்க வைத்தாலும் உறக்கம் எளிதில் வராது. ஆனால் அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. இதைக் கருதியே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று 2014இல் பரிந்துரைத்தது; கலிபோர்னியாவில் 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளுக்கு அது சட்டமாகவே நடைமுறைக்கு வந்தது. நம் பிள்ளைகள் சிறப்பு வகுப்புக்காக ஏழரைக்கே பள்ளியில் இருக்க வேண்டியிருப்பது எனக்குப் பெரும் வேதனை.

மறுமொழி 2:
முதுமையில் உடலின் கடிகாரம் முன்கூட்டியே ஓடுகிறது, ஆழ்ந்த உறக்கமும் குறைகிறது. உங்கள் மாமனாருக்குக் கிடைக்கும் ஏழு மணி நேரம் அவர் வயதுக்குப் போதுமானதே. என் தாயார் பகல் உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு மாலை வெளிச்சத்தில் நடக்கத் தொடங்கிய பின், மூன்று மணிக்கு விழிப்பது நான்கரையாயிற்று.

மறுமொழி 3:
இயல்பு என்பதற்காகக் கைபேசியை மறந்துவிட வேண்டாம். இரவில் அதன் வெளிச்சம் தாமதத்தை மேலும் நீட்டும்; விடுமுறை நாளில் நண்பகல் வரை உறங்குவதும் அப்படியே.