வீட்டுக் குழுவில் குட்டியின் தொடைக் கட்டி

கோவை அத்தை: குட்டிக்குத் தொடையில் கேன்சராமே? என்னிடம் யாரும் சொல்லவில்லை.

பெரியப்பா: யார் சொன்னது

கோவை அத்தை: திண்டுக்கல்லில்தான்.

திண்டுக்கல் சித்தி: கட்டி என்றுதானே சொன்னேன் மதினி.

நான்: கேன்சர் இல்லை அத்தை, கேன்சராக மாறவும் மாறாது. தசைக்குள் இரத்தக்குழாய்கள் பின்னி வளர்ந்த கட்டி, ஹீமாஞ்சியோமா. ஹீமாஞ்சியோமாக்களில் 100-க்கு ஒன்றுகூட தசைக்குள் வராதாம். அதனால்தான் இரண்டு வருடம் சதைப்பிடிப்பு என்றே மாத்திரை கொடுத்தார்கள். பந்து விளையாடினால் வீங்கும், காலைத் தூக்கி வைத்தால் வற்றும், பார்த்திருக்கிறீர்களே. எக்ஸ்ரேயில் குட்டிக் குட்டிக் கற்கள். உறைந்த இரத்தத்தில் சுண்ணாம்பு படிந்தது. எம்ஆர்ஐயில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்த பிறகுதான் பெயரே தெரிந்தது.

பெரியப்பா: சதை எடுத்து டெஸ்ட்?

நான்: ஊசி குத்தினால் இரத்தம் கொட்டலாம் பெரியப்பா. படமே தெளிவாக இருக்கிறது. முழுதாக எடுத்த பிறகு லேபுக்குப் போகும்.

திண்டுக்கல் சித்தி: கத்தி எதற்கு. பற்றுப் போட்டால் கரையாதா

அம்மா: போட்டாச்சு. கரையவில்லை.

நான்: வலி இல்லையென்றால் சும்மா விடலாம் சித்தி. மருந்து ஏற்றிச் சுருக்குவதும் உண்டு. இவனுக்கு மாடி ஏறவே முடியவில்லை. ஒரே தசையில் இருப்பதால் எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். சுற்றியுள்ள நல்ல தசையிலும் கொஞ்சம் சேர்த்து எடுக்க வேண்டும், மிச்சம் விட்டால் திரும்ப வளரும். இரத்தம் அதிகம் போகாமலிருக்க முந்தின நாளே கட்டிக்குப் போகும் குழாயை அடைப்பார்கள். வியாழக்கிழமை ஆபரேஷன். இரண்டு யூனிட் இரத்தம் வேண்டும். மாமா?

மாமா: வெள்ளி பால் காய்ச்சுகிறோமே. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறதா

அம்மா: தம்பி, அவள் இரத்தம் கேட்டாள்.

மாமா: நான் ஓ பாசிட்டிவ். ஆகுமா?

நான்: எந்த குரூப்பும் ஆகும். பிளட் பேங்க்கில் ஈடாகக் கொடுத்தால் போதும்.

கோவை அத்தை: அப்பா காலை எடுத்தபோதும் இப்படித்தான், எல்லாம் முடிவு செய்துவிட்டு என்னிடம் சொன்னீர்கள்.

பெரியப்பா: அதை இப்போது எடுக்காதே.

திண்டுக்கல் சித்தி: பால் காய்ச்ச எத்தனை மணி

மாமா: காலை 6. பத்திரிகையில் இருக்கிறது.

அம்மா: நாங்கள் வர முடியாது தம்பி.

மாமா: தெரியும்க்கா. புதன் பார்க்கிறேன், பெயிண்டர் விட்டால்.

நான்: இராத்திரி துணைக்கு ஒருவர் வேண்டும்.

பெரியப்பா: பார்க்கலாம்

கோவை அத்தை: நான் புதனே வருகிறேன். அவனுக்கு இட்லி கொடுக்கலாமா? எந்த வார்டு?

அம்மா: இன்னும் சொல்லவில்லை. வாங்க.