எலியின் எடை ஏறாததற்குக் காரணம் பசிக் குறைவா, ஆற்றல் செலவா?

கேள்வி: மருந்தியல் முதுநிலை மாணவி, புதுச்சேரி

வணக்கம். ஆய்வேட்டுக்காக மூன்று வாரமாக வெள்ளெலிகளுக்கு ஃப்ளூக்ஸெட்டின் என்னும் மனச்சோர்வு மருந்தைக் கொடுத்து வருகிறேன். வெறும் உப்புநீர் பெறும் எலிகளுக்கு எடை ஏறும் அளவுக்கு இவற்றுக்கு ஏறவில்லை. காலையில் பார்த்தால் தீவனமும் மிஞ்சிக் கிடக்கிறது. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனினைக் கூட்டும் இம்மருந்து வளர்சிதை மாற்றத்தை விரைவுபடுத்துகிறது என்று இதை வைத்து எழுதலாமா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற பேராசிரியர், சிதம்பரம்

இப்போதைக்கு எழுத வேண்டாம், அம்மா. பசியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸில் உள்ள 2சி என்னும் வகை ஏற்பிகளைச் செரோடோனின் தூண்டும்போது எலிக்கு விரைவில் வயிறு நிறைந்த உணர்வு வந்துவிடும். குறைவாகத் தின்னும் உடலோ தன் ஆற்றல் செலவையும் தானே சுருக்கிக்கொள்ளும். ஆகவே, மருந்து பெற்ற எலிகள் முந்தைய நாள் தின்ற அளவு தீவனத்தை மட்டும் உப்புநீர் எலிகள் சிலவற்றுக்குக் கொடுத்து, மூன்றாவது குழு ஒன்றை நடத்துங்கள். அவற்றைவிடவும் மருந்து எலிகள் இளைத்தால்தான் ஆற்றல் செலவைப் பற்றிப் பேச இடமுண்டு. இன்னொன்று: கூண்டின் அடித்தட்டை இழுத்துப் பாருங்கள். சிறுநீரில் ஊறிய தாளில் தீவனத்தூள் அப்பிக் கிடக்கும். அதைப் பிரித்து உலர்த்தி எடை போடாவிட்டால், சிந்தியதெல்லாம் தின்றதாகக் கணக்கில் ஏறிவிடும்.

மறுமொழி 2: விலங்குக்கூடப் பொறுப்பாளர், கடலூர்

அறை வெப்பநிலையையும் தவறாமல் குறித்து வையுங்கள். நமக்கு இதமான 22 டிகிரி எலிக்குக் குளிர். உடற்சூட்டைக் காக்க அது வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துக்கொண்டே இருக்கும். 28 முதல் 30 டிகிரியில் அந்தத் தேவை பெரும்பாலும் நின்றுவிடும். கத்திரி வெயில் காலத்து இரவில் மின்சாரம் போய்க் குளிர்சாதனம் நின்றால், எலி விழித்துத் தின்னும் அந்த நேரத்திலேயே அறை சூடாகி, தீவனக் கணக்கும் ஆற்றல் கணக்கும் சேர்ந்தே மாறிவிடும். அப்படிப்பட்ட நாள்களின் அளவீடுகளை மற்ற நாள்களோடு கலக்காதீர்கள்.

மறுமொழி 3: உடலியங்கியல் ஆசிரியர், புதுச்சேரி

செரோடோனினைக் கூட்டும் இன்னொரு மருந்தான சிபுட்ரமின் (எடை குறைப்பு மருந்து) எலிகளில் ஆக்சிஜன் நுகர்வைக் கூட்டியது உண்மை. ஆனால் அது நார் அட்ரினலினையும் கூட்டும் மருந்து என்பதால், அந்த விளைவைச் செரோடோனின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. (இதயப் பாதிப்பு காரணமாக 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.) மேலும், உடலின் செரோடோனினில் பெரும்பகுதி குடலில் உருவாவது, அது மூளைக்குள் நுழையாது. குடலில் அதை உருவாக்கும் நொதி இல்லாத சுண்டெலிகளில் பழுப்புக் கொழுப்பு கூடுதலாக வெப்பம் உண்டாக்கி, உடல் பருமனைத் தடுத்தது 2015இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. மூளையில் ஒரு வேலை, குடலில் அதற்கு மாறான வேலை! ஆக்சிஜன், கரியமில வாயு இரண்டையும் அளக்க வசதியிருந்தால் சுவாச ஈவை (வெளிவிடும் கரியமில வாயுவை நுகரும் ஆக்சிஜனால் வகுத்தது) பாருங்கள்: 1க்கு அருகில் இருந்தால் மாவுச்சத்து எரிகிறது, 0.7க்கு இறங்கினால் கொழுப்பு எரிகிறது. பட்டினியிலும் அது இறங்கும் என்பதால், மூன்றாவது குழு இங்கும் தேவை.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. இரண்டாம் வாரத்தில் இரண்டு இரவுகள் எங்கள் குளிர்சாதனம் ஓடவில்லை. அந்த நாள்களைத் தனியே பிரித்துவிட்டேன். அடித்தட்டுத் தூளை இன்று காலைதான் முதன்முறையாக நிறுத்தேன். நான் எண்ணியதைவிட அதிகம் இருந்தது. வழிகாட்டியிடம் கேட்டு மூன்றாவது குழுவோடு மறுபடி தொடங்குகிறேன்.