2000 ரூபாய்க்குள் பாட்டும் கூத்து வீடியோவும்: எம்பி4 பிளேயரா, பட்டன் போனா, பழைய ஆண்ட்ராய்டா?

அஞ்செட்டியான்:
வணக்கம். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தருக்குப் பிளேயர் வாங்கணும். பட்ஜெட் 2000. இடம் கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டி காட்டோரம், டவர் வரும் போகும். பகல்ல பழைய சினிமாப் பாட்டு, எஃப்எம். ராத்திரி தெருக்கூத்து வீடியோ, விடிய விடிய ஆடினதை எட்டு மணி நேரம் ஒரே ஃபைலா எடுத்தது. ஆன்லைன்ல 1.8 இன்ச் எம்பி4 பிளேயர் 900 ரூபாய்னு காட்டுது. வாங்கலாமா?

சால்டர்_தர்மபுரி:
வாங்காதீங்க தம்பி. அந்த ஸ்கிரீன் பெரும்பாலும் 160க்கு 128 புள்ளிதான். கிரீடமும் அரிதாரமும் ஒண்ணா அப்பிக்கும், கட்டியங்காரன் யாரு, துரியோதனன் யாருன்னே தெரியாது. எம்பி4னு பேருதான், எம்பி4 ஃபைல் ஓடாது. நிறைய செட்டு ஏஎம்வி, இல்லேன்னா சின்ன சைஸ் ஏவிஐ வடிவ வீடியோ மட்டும்தான் எடுக்கும். ஒவ்வொண்ணையும் கம்ப்யூட்டர்ல மாத்திப் போடணும்.

அதைவிடப் பெரிய தொல்லை பேட்டரி. உள்ள மெல்லிசா ஒரு பவுச் செல், போர்டோட சால்டர் பண்ணியிருக்கும். அது உப்பினா பின்மூடி தூக்கும், அப்புறம் செட்டையே தூக்கிப் போட வேண்டியதுதான். இயர்போன் ஜாக்கும் நாலஞ்சு கால்ல நேரா போர்டு மேல நிக்குது. பாக்கெட்ல வச்சுக் குனிஞ்சு நிமிர்ந்தா ஒயர் இழுத்து சால்டர்ல முடி மாதிரி விரிசல் விழும். ஒரு காதுல மட்டும் பாட்டு வருது, பின்னை அழுத்திப் பிடிச்சா ரெண்டுலயும் வருதுன்னா அந்த விரிசல்தான்.

மெமரி கார்டு ஸ்லாட், 3.5 ஜாக், ஸ்பீக்கர், கழட்டி மாட்டுற பேட்டரி, இது நாலும் இருக்கிற பட்டன் போன் வாங்குங்க. 2000க்குள்ள கிடைக்கும். பெட்டியில கார்டு ஸ்லாட், எம்பி3 ரெண்டும் எழுதியிருக்கான்னு பாருங்க, பார்க்க ஒரே மாதிரி இருக்கிற சில மாடல்ல ரெண்டுமே இருக்காது.

ஓசூர்_நைட்ஷிப்ட்:
சால்டர் அண்ணா பாட்டுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுக் கூத்தை விட்டுட்டீங்க. வீடியோ வேணும்னா 5 இன்ச் பழைய ஆண்ட்ராய்டுதான் சரி. விஎல்சிங்கிற வீடியோ ஆப் போட்டா வடிவம் மாத்துற வேலையே இல்ல. ஹெச்.264 முறையில சுருக்கின வீடியோ எந்தப் பழைய போன்லயும் ஓடும், ஹெச்.265 மட்டும் ரொம்பப் பழசுல திக்கித் திணறும். விட்ட இடத்துல இருந்து தொடரும். பட்டன் போன்ல எட்டு மணி நேர ஃபைலைத் திறந்து பாதியில நிறுத்தினா, மறுநாள் பலதுலயும் கணபதி துதியிலிருந்துதான் ஆரம்பிக்கணும்.

சிம் போடாம ஏரோபிளேன் மோட்ல வச்சிடுங்க. டவர் மங்கலா இருக்கிற இடத்துல போன் ஓயாம டவரைத் தேடி முழு பவர்ல கத்தும். அஞ்செட்டி மாதிரி இடத்துல பேட்டரியைத் தின்கிறது பாட்டு இல்ல, அந்தத் தேடல்தான்.

பாலக்கோடு_தக்காளி:
ஓசூர் தம்பி, 2000 ரூபாய் பழைய போன்ல பேட்டரி எந்த நிலைமையில இருக்கும்? 40 சதவீதம்னு காட்டும், வீடியோ போட்டதும் பொட்டுனு அணையும். செல்லோட உள் எதிர்ப்பு ஏறிட்டா லோடு வந்ததும் வோல்டேஜ் விழுந்துடும், அதான் காரணம். வெயில்ல ஸ்கிரீன் தெரியாது, ஈரக் கையில டச் எடுக்காது. பில் இல்லாத போன் திருட்டுப் போனா இருந்தா அது தனித் தலைவலி. *#06# அடிச்சு ஐஎம்இஐங்கிற போனோட அடையாள நம்பரை எடுத்து, அரசாங்கத்தோட சஞ்சார் சாத்தி தளத்துல போட்டுப் பார்க்காம காசு கொடுக்காதீங்க.

இன்னொண்ணு யாருமே சொல்லல. அது யானை நடமாடுற காடு. ரெண்டு காதுலயும் இயர்போன் கூடவே கூடாது. ஒரு காதுல மட்டும் போடுறதா இருந்தா பாட்டை எல்லாம் மோனோவா, அதாவது ரெண்டு பக்கச் சத்தத்தையும் ஒண்ணாச் சேர்த்து, மாத்தணும். பழைய ஸ்டீரியோ பதிவு சிலதுல குரல் ஒரு பக்கம், வாத்தியம் மறு பக்கம்னு பிரிச்சிருப்பாங்க, ஒத்தைக் காதுல கேட்டா பாடகரே காணாமப் போயிடுவார். கம்ப்யூட்டர்ல ஆடாசிட்டிங்கிற சத்தம் எடிட் பண்ற சாஃப்ட்வேர்ல 'மிக்ஸ் டு மோனோ' கொடுத்து 64 கிலோபிட் எம்பி3யா எடுத்தா சின்ன ஸ்பீக்கருக்குப் போதும். நிமிஷத்துக்கு அரை எம்பிதான் பிடிக்கும்.

ஓசூர்_நைட்ஷிப்ட்:
மோனோ யோசனை நல்லா இருக்கு, ஒத்துக்கறேன். பேட்டரிக்கு வழி, பின்மூடி கழலுற பழைய மாடலாப் பார்த்து எடுத்துப் புது பேட்டரி போடுறது. அப்படி மாடல் இன்னும் செகண்ட்ஸ்ல வருது. கார்டு போட்டதும் 'இன்டர்னலா, போர்ட்டபிளா'னு கேட்டா போர்ட்டபிள் கொடுங்க. இன்டர்னல் கொடுத்தா கார்டை அந்தப் போனுக்கே பூட்டிடும், வேற எதுலயும் படிக்காது.

சால்டர்_தர்மபுரி:
டூப்ளிகேட் பேட்டரி போட்டு என்ன பண்றது? நோக்கியா பட்டன் போன்ல வர்ற பிஎல்-5சி பேட்டரி ஒரிஜினல் 1020 எம்ஏஹெச். அதே சைஸ்ல 3000னு அச்சடிச்சு விக்கிறான். அந்த இடத்துக்குள்ள அவ்வளவு கொள்ளவே கொள்ளாது. கையில எடுத்தா எடை குறைவாத் தெரியும், மேசை மேல வச்சுச் சுத்தினா பம்பரமாச் சுத்தும்; அப்படிச் சுத்தினா நடுவுல உப்ப ஆரம்பிச்சிடுச்சு.

பட்டன் போன்ல வீடியோ சின்னதுதான், இல்லேங்கல. ஆனா 320க்கு 240ல, படமும் சத்தமும் சேர்த்து 600 கிலோபிட் வச்சா நிமிஷத்துக்கு 4.5 எம்பி, எட்டு மணி நேரம் 2.2 ஜிபி. ஒரு மணி நேரத் துண்டா வெட்டிப் போட்டா தொடர்ற பிரச்சினையும் முக்கால்வாசி தீருது. சிம் போட்டிருந்தா ஆத்திர அவசரத்துக்கு மேட்டுல ஏறி ஒரு கால் பண்ணலாம். உங்க ஏரோபிளேன் மோட் ஆண்ட்ராய்டுல அதுக்கு வழியே இல்லையே.

ஓசூர்_நைட்ஷிப்ட்:
ஏரோபிளேன் மோட்ல வச்சாலும் சிம் போட்டு வைக்கலாம்ணா, தேவைப்பட்டா ஒரு தட்டு. ஆனா அறுபது வயசுக்காரர் மெனுவுக்குள்ள போய்த் தேடுவாரான்னு கேட்டா, அது நியாயமான கேள்விதான்.

அஞ்செட்டியான்:
பட்டன் எண்ணி அழுத்துவார், டச் பழக்கமில்ல. அப்போ கார்டு எந்த அளவு? 64 ஜிபி வாங்கிடலாமா?

பாலக்கோடு_தக்காளி:
வேண்டாம், 32 போதும். பட்டன் போன் பலதும் 32 வரைதான் எடுக்கும். 64 ஜிபி கார்டு எக்ஸ்ஃபேட்ங்கிற ஃபார்மட்ல வரும், போட்டா 'கார்டு பழுது'ன்னு காட்டும். 32ல ஃபேட்32 இருக்கும், அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது. உங்க கூத்துப் பதிவு 1200 கிலோபிட்டா இருந்தா எட்டு மணி நேரம் 4.3 ஜிபி, வரம்பைக் கொஞ்சம் தாண்டிடும். அதனாலயும் வெட்டித்தான் ஆகணும்.

பஸ் ஸ்டாண்டு ஓரத்துல மலிவா விக்கிற கார்டு பாதி போலி. உள்ள 8 ஜிபி சிப், கன்ட்ரோலர் 64னு பொய் சொல்லும். 8 வரைக்கும் பாட்டு சரியா ஓடும், அதுக்கு மேல போட்டது பேர் மட்டும் இருக்கும், தொட்டா ஓடாது. கம்ப்யூட்டர்ல ஹெச்2டெஸ்ட்டபிள்யூங்கிற கார்டு சோதிக்கிற சாஃப்ட்வேர் போட்டு முழுக்க எழுதித் திருப்பிப் படிக்க விடுங்க. நொடிக்கு 10 எம்பி வேகத்துல 32 ஜிபி எழுத மட்டும் 50 நிமிஷத்துக்கு மேல ஆகும். காத்திருந்து பாருங்க. தப்புன்னு வந்தா அன்னைக்கே கடையில திருப்பிடுங்க.

சால்டர்_தர்மபுரி:
அது ரொம்பச் சரி. ஆப்ல டவுன்லோட் பண்ணி வச்ச பாட்டைக் கார்டுக்கு மாத்திடலாம்னு நினைக்காதீங்க, அதெல்லாம் பூட்டுப் போட்ட ஃபைல், அந்த ஆப்புக்குள்ள மட்டும்தான் ஓடும். எஃப்எம்முக்கு இயர்போன் ஒயர்தான் ஏரியல், 'ஒயர்லெஸ் எஃப்எம்'னு போட்டிருந்தாலும் ஒயர் மாட்டினாத்தான் தர்மபுரி 102.5 கொஞ்சமாவது தெளிவா வரும். ரெண்டு மலைக்கு நடுவுல பள்ளத்துல நின்னா அதுவும் வராது, மேட்டுக்கு வரணும்.

அஞ்செட்டியான்:
பட்டன் போனே எடுக்கிறேன். கூத்துக்கு ஓசூர் அண்ணா சொன்ன மாதிரி வீட்ல இருக்கிற போன்ல விஎல்சி போட்டுக்கலாம். ஃபைல் பேரைத் தமிழ்ல வைக்கலாமா?

பாலக்கோடு_தக்காளி:
வேண்டாம், நிறைய செட்ல தமிழ் எழுத்துரு கிடையாது, கட்டம் கட்டமா வரும். 001, 002னு நம்பர் போடுங்க. சில செட்டு பேர் வரிசையைப் பார்க்காது, கார்டுல எது முதல்ல ஏறுச்சோ அதைத்தான் முதல்ல பாடும். அதனால மொத்தமா இழுத்துப் போடாம ஃபோல்டர் ஃபோல்டரா வரிசையாக் காப்பி பண்ணுங்க. முன்னாடியே கலைஞ்சு கிடந்தா ஃபார்மட் பண்ணிட்டு மறுபடி ஏத்துங்க.