சொந்த ஊரிலேயே ஒரு நாள் சுற்றுலா: தஞ்சாவூர்க்காரர்கள் என்ன சொல்கிறீர்கள்?

மேலவீதி:
வெளியூர் உறவினர் வந்தால்தான் நாம் பெரிய கோயிலை நின்று பார்க்கிறோம். மற்ற நாளில் பிரதோஷம், இல்லாவிட்டால் சாயங்காலம் புல்தரையில் காற்று வாங்குவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, வெளியூர்க்காரர் போலவே நம் ஊரைச் சுற்றிப் பாருங்கள் என்கிறேன். அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், நிற்கிறார். 1011-ல் வார்த்த திருமேனி. ரிஷபம் இப்போது இல்லை. ஆனால் அதன்மேல் ஊன்றியிருந்த வலக்கை அந்த வளைவோடு அப்படியே நிற்கிறது, கால்மாற்றி நிற்கும் ஒய்யாரமும் குறையவில்லை. இதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

கீழவாசல்காரன்:
எனக்கு உடன்பாடு இல்லை ஐயா. கோயில், அரண்மனை, தலையாட்டி பொம்மை, இவ்வளவுதானா ஊர்? தஞ்சாவூர் பிழைப்பதே தண்ணீரால். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, புதுஆறு என்று பிரிகிறது. புதுஆறு 1934-ல் மேட்டூர் அணையோடு வந்த கால்வாய். ஊருக்குள்ளேயே ஓடுகிறது, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து வயல்களுக்கு அதுதான் உயிர். முதல் தண்ணீர் சருகும் நுரையுமாக வரும்போது பாலத்தில் நின்று பாருங்கள். எந்தச் சுற்றுலா கைடும் அதைக் காட்டமாட்டார். இங்கேயே இருக்கிறவனுக்குத்தான் அது தெரியும்.

மேலவீதி:
தெரியும், சரி. தினம் அந்தப் பாலத்தைத் தாண்டுகிற எத்தனை பேர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்க்கிறார்கள்? வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் கிளம்பினால்தான் கண்ணில் படும்.

கரந்தை:
நான் இரண்டு பேரோடும் மோதுகிறேன். ஒரே நாளில் எல்லாம் என்பதே தப்பு. பெரிய கோயில் கல்வெட்டுக்கே ஒரு நாள் போதாது. நான் கொடுத்தது, அக்கன் கொடுத்தது, நம் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டுங்கள் என்கிறான் ராஜராஜன். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்கள் 400 பேருக்கும் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீடு என்று எழுதியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நம் ஊர் விலாசம் அது. அதை விட்டுவிட்டு விமானத்துக்கு முன்னால் செல்ஃபி எடுத்துத் திரும்பினால் மனசு கேட்கவில்லை.

கீழவாசல்காரன்:
கரந்தை சொல்வது படிப்பு, சுற்றுலா இல்லை. அதற்கு நான் வருவேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று சட்டம் போடாதீர்கள். கடைக்காரர்களுக்கு அன்றைக்குத்தான் வியாபாரம்.

மேலவீதி:
கிழமை உங்கள் இஷ்டம். பெயரை மட்டும் மாற்றமாட்டேன், சுற்றுலாதான். கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் கல்லில் கால் வைக்க முடியாது. திருச்சுற்றின் தென்மேற்குப் பக்கம் மராத்திய மன்னர் சரபோஜி 1803-ல் வெட்டிய மராத்திக் கல்வெட்டும் இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு அரண்மனைக்கு வாருங்கள்.