புதிதாகச் சேரும் ஆசிரியர்களை வரவேற்க உங்கள் யோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். வரும் பருவத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தில் 14 உதவிப் பேராசிரியர்கள் புதிதாகப் பணியில் சேர்கிறார்கள். அவர்களை வரவேற்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மேடை, பூங்கொத்து, துணைவேந்தர் உரை என்று ஒரு காலைப்பொழுதில் முடித்துவிட எனக்கு மனமில்லை.

காரணம் இருக்கிறது. சென்ற ஆண்டு சேர்ந்த ஒருவர், முதல் நாள் பூட்டிய அறைக்கு வெளியே பையைத் தரையில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்தபடி வகுப்புக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்லக்கூட ஆளில்லை. மின்னஞ்சல் கணக்கு கிடைக்க 3 வாரம் ஆயிற்று. அதுவரை நூலகத்தின் இணைய இதழ்களையும் அவரால் திறக்க முடியவில்லை.

அடையாள அட்டை, சாவி, கணினிக் கணக்கு எல்லாவற்றையும் இம்முறை முன்கூட்டியே தயாராக்கிவிடுவோம். நான் தடுமாறுவது வழிகாட்டி விஷயத்தில்தான். அதே துறையின் மூத்தவரை நியமித்தால் பாடத்திட்டம், வினாத்தாள், மதிப்பீடு எல்லாம் சொல்லித்தருவார். ஆனால் நாளை பதவி உயர்வுக் குழுவில் அவரே உட்காரக்கூடும் என்றால், புதியவர் மனம்விட்டுப் பேசுவாரா? வேறு துறையினரையும் சேர்த்துக்கொள்வதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வழிகாட்டியும் புதியவரும் எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்தித்தார்கள்? முதல் பருவத்தில் வகுப்புச் சுமையைக் குறைக்கத் துறைத்தலைவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? ஊர் மாறி வருபவர்களுக்கு வீடு, பிள்ளைகளின் பள்ளி தேட யார் உதவினார்கள்?

நீங்கள் பணியில் சேர்ந்த நாளில் யாராவது செய்த சிறு உதவி நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் திட்டத்தை ஒப்படைக்க வேண்டும்.