நேவ், சான்சல்: தமிழில் என்ன எழுதலாம்?

க.: அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் டரம் மாவட்டத்தில் எஸ்கோம்ப் என்ற சிற்றூரின் பங்கு ஆலயம் (ஊர்க் கிறிஸ்தவக் கோயில்) பற்றி ஒரு சிறுநூலை மொழிபெயர்க்கிறேன். 7-ஆம் நூற்றாண்டுச் சாக்சன் கட்டடம். பின்செஸ்டர் ரோமானியக் கோட்டையின் கற்களை எடுத்துவந்து கட்டியிருக்கிறார்கள். வடசுவரில் ஒரு கல்லில் ரோமானியரின் ஆறாம் படையணிப் பெயர் தலைகீழாக நிற்கிறது. மக்கள் கூடும் நேவ், கிழக்கே பலிபீடம் உள்ள சான்சல், இவ்விரண்டுக்கும்தான் சொல் அமையவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

செ.: நேவின் மூலம் லத்தீன் நாவிஸ், அதாவது கப்பல். நம்மிடம் நாவாய் இருக்கிறதே! ‘நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி’ என்கிறது புறநானூறு. லத்தீன் நாவிஸ், கிரேக்க நவுஸ், வடமொழி நௌ மூன்றும் ஓரினம். நாவாய்க்கூடம் என்று துணிந்து வையுங்கள். சான்சல், கான்செல்லி என்ற லத்தீன் சொல்லிலிருந்து, அதாவது கம்பித் தடுப்பிலிருந்து வந்தது, ஆகவே கிராதியகம்.

மு.: தம்பி, கிராதி போர்த்துக்கீசியம். சாவி, ஜன்னலோடு வந்து இறங்கியது. நாவாய்க்கு வள்ளுவரே தடை சொல்லியிருக்கிறார்: ‘நாவாயும் ஓடா நிலத்து’. நடுக்கூடம், கருவறை போதும்.

க.: பக்கக்கூடம் இருந்தால்தானே ஐயா நடுக்கூடம்? எஸ்கோம்பில் அது இல்லை. தூணே இல்லாத, ஒடுங்கி உயர்ந்த ஒற்றை அறை. மண்டபம் என்றும் சொல்ல முடியாது.

தா.: கருவறையும் வேண்டாம். அது இறைவன் திருமேனி உறையும் இடம். சான்சல் குருவும் பீடமும் இருக்கும் பகுதி. இடைக்கால இங்கிலாந்தில் சான்சலைச் செப்பனிடுவது ரெக்டரின் (பங்கின் தலைமைக் குருவின்) பொறுப்பு, நேவைச் செப்பனிடுவது ஊராரின் பொறுப்பு. யாருடைய பகுதி எது என்பது பெயரிலேயே தெரியட்டும்: மக்கள்கூடம், பீடக்கூடம்.

மு.: பொருள் நன்று அம்மா. ஆனால் மக்கட்கூடம் என்றல்லவா புணரும்? மக்கட்பேறு, மக்கட்பண்பு...

தா.: பொருட்காட்சி என்று எழுதும் நாமே மக்கள்தொகை என்றும் எழுதுகிறோமே ஐயா. வாசகர் தடுமாறாமல் படிக்க வேண்டும்.

மு.: சரி, பிரித்தே எழுதுங்கள். புணர்ச்சிச் சிக்கல் வராது.

க.: அப்படியானால் மக்கள் கூடம், பீடக்கூடம். இன்றிரவே அனுப்பிவிடுகிறேன்.

செ.: எனக்கு இதில் உடன்பாடில்லை. பீடக்கூடம் என்றதும் அந்தத் தடுப்பு மறைந்துபோகிறது. மக்களையும் குருவையும் பிரித்ததே அதுதான். கிராதி ஆகாதென்றால் அதே பொருளில் அளி என்ற சொல் இருக்கிறது. அளியகம் என்று அடிக்குறிப்பிலாவது சேருங்கள். நாவாய் பற்றித் தனியாக எழுதுகிறேன்.